குழந்தைக்கு நடுப்பெயர்: அத்தை பேரா, அம்மாச்சி பேரா?

வைகைக்கரைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. பெண் குழந்தை என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள், இந்த ஊரில் சொல்வார்கள். முதல் பேர் யாழினி. அதில் வீட்டில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் ரெண்டாவது பேரில்தான். கணவர் வீடு மதுரை. மாமியார் பேர் பேச்சியம்மாள். முதல் பேத்திக்கு அப்பத்தா பேர் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் போனில் ஒவ்வொரு தடவையும் "பேர் யோசிச்சிட்டீங்களா" என்று வருகிறது. என் பக்கம் உசிலம்பட்டி. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது அம்மாச்சி. பேர் வெள்ளையம்மாள். (நல்ல கருப்பு. அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.) போன வருடம் தவறிவிட்டார். டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரெண்டு பேரையும் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். யாழினி பேச்சியம்மாள் வெள்ளையம்மாள், அதன் பின்னால் சர்நேமாக அவர் பேர். ரயில் மாதிரி இருக்கிறது. ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்றால் எதை? உயிரோடு இருப்பவர் பேரை வைக்கலாமா என்று என் அம்மாவுக்கு வேறு சந்தேகம். இப்படி வைத்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்_மைனர்

தங்கச்சி, வாழ்த்துகள். கோபித்துக்கொள்ளாமல் கேள். நடுப்பேர் என்று ஒன்று நம்மிடம் எப்போது இருந்தது? அப்பா பேரின் முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேர், முடிந்தது கதை. பாட்டிக்கு மரியாதை என்றால் பாட்டி பேரை முன்னால் வை. நடுவில் வைப்பது, ஊரிலிருந்து வந்த பெரியவரை வரவேற்பறையில் உட்கார வைக்க வெட்கப்பட்டு உள் ரூமில் படுக்க வைப்பது மாதிரி.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பேரைத் தாங்குகிறவன். சங்கப் பாட்டிலேயே குழந்தையைத் "தந்தை பெயரன்" என்று சொல்கிறார்கள், அதாவது தலைவனுடைய அப்பா பேரைத் தாங்கிய பிள்ளை. ரெண்டாயிரம் வருடப் பழக்கத்தை ஒரு படிவத்தின் நடுக்கட்டத்தில் திணிக்காதே.

வைகைக்கரைக்காரி

அண்ணே, பேத்தி என்பதும் பெயர்த்திதான், தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

மேலூர்_மைனர்

ரெண்டும் பையன்கள். ஆதவ், நிலவ். சரி சரி, சிரிக்காதே. அதனால்தான் சொல்கிறேன். எங்கள் அப்பா அதை ஒரு நாளும் கேட்டதில்லை. போன பொங்கலுக்குப் பெரியவனை மடியில் வைத்துக்கொண்டு, "எம் பேரைச் சொல்ல ஒருத்தன் இல்லாமப் போச்சுடா" என்றார், விளையாட்டாகத்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆச்சி_வீட்டுப்_பேத்தி

நாங்கள் நகரத்தார். எங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது, எல்லாம் வரிசைப்படி. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற ஐயா பேர். மூத்த மகளுக்கு அப்பத்தா பேர், ரெண்டாவதுக்கு ஆயா பேர். உயிரோடு இருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தங்கள் பேரைத் தாங்கும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதில்தான் அவர்களுக்குப் பெருமை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இதன் விளைவு என்னவென்றால், அண்ணன் தம்பி நாலு பேருக்கும் மூத்த மகன் ஒரே பேரில் இருப்பான். எங்கள் வளவில் நாலு வள்ளியப்பன். பெரிய வள்ளி, சின்ன வள்ளி, சிங்கப்பூர் வள்ளி, கடைசி ஆளை வெறும் தம்பி.

இன்னொரு வேடிக்கை கூப்பிடுவதில். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பிள்ளைக்கு அதே பேர். அப்புறம் எப்படிக் கூப்பிடுவது? ராஜா, தம்பி, ஐயா, இப்படி ஏதாவது ஒன்று. என் அண்ணனின் உண்மையான பேர் எனக்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரியும். அம்மா அவனைத் திட்டியதே இல்லை. திட்டினால் மாமனாரைத் திட்டியதாக ஆகிவிடுமாம். என்னைத் திட்டுவதற்கு அந்தத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. நான் ரெண்டாவது மகள், எனக்கு அவருடைய அம்மா பேர்.

தபால்காரன்

நான் படிவங்களோடு மாரடிக்கிறவன், லண்டன் பக்கம் 14 வருடம். உணர்ச்சியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காகிதத்தில் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, இங்கிலாந்தின் பிறப்புப் பதிவில் நடுப்பேருக்கு என்று தனிக் கட்டமே இல்லை. முன்பெயர்கள், சர்நேம், அவ்வளவுதான். முன்பெயர் எத்தனை வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். ரெண்டாவதாக எழுதுவதை நடுப்பேர் என்று ஊர் சொல்கிறது. மைனர் அண்ணன் சொன்ன அந்தக் கட்டம் இந்த ஊர்ப் பதிவேட்டிலேயே கிடையாது. அமெரிக்கப் படிவங்களில்தான் அது தனியாக உட்கார்ந்திருக்கும்.

பிறந்து 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவான பிறகு 12 மாதத்துக்குள் முன்பெயரில் மாற்றமோ சேர்க்கையோ செய்ய வழி உண்டு. சர்நேமுக்கு அந்தச் சலுகை இல்லை, அதனால் சர்நேமில் மட்டும் தெளிவாக இருங்கள்.

நீங்கள் இருவரும் வேலை விசாவில் இருந்தால் குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் எடுப்பீர்கள். பிறந்த ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் டெல்லி அனுமதி வரை இழுக்கும். அந்தப் பாஸ்போர்ட்டிலும் சர்நேம், கொடுத்த பேர் என்று ரெண்டே கட்டம். நடுப்பேர் கொடுத்த பேரோடு சேர்ந்துகொள்ளும். போர்டிங் பாஸில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, இடம் போதாவிட்டால் வால் அறுந்து வரும். யாழினிபேச்சியம்மாள்வெள்ளை என்று பாதியில் நிற்கலாம். பயப்பட வேண்டாம், ஏற்றிவிடுவார்கள்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்காது என்று அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் தவித்தார்கள் என்று நினைவிருக்கும். பிறகு ரெண்டாம் பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். என் சொந்த அனுபவம், இனிஷியலை விரிக்கச் சொல்லி விரித்ததில் எல்லாக் கடிதமும் என் அப்பா பேருக்கே வருகிறது. அவர் கிராமத்தில் மாடு மேய்க்கிறார், இங்கே அவர் பேரில் மூணு கிரெடிட் கார்டு ஓடுகிறது.

எண்ணும்_எழுத்தும்

குழந்தை பிறக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எழுத்து முடிவு செய்யுங்கள். ரோகிணி என்றால் வ, வி வரும். வெள்ளையம்மாள் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆங்கில எழுத்தில் ஒரு எச் சேர்த்தால் கூட்டுத்தொகையும்...

மேலூர்_மைனர்

ஐயா, ஏற்கெனவே ரயில் நீளம். இதில் எச் பெட்டி வேறா?

பருத்தித்துறைப்_பெடியன்

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட மகளுக்கு எட்டு வயது. நடுப்பெயர் என்னுடைய அம்மம்மாவின் பெயர், மங்கையர்க்கரசி. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்தோம். போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தவ அவதான். அந்தப் பெயரை விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். மனைவிக்கு முன்பெயராக வைக்க விருப்பம் இல்லை, வகுப்பில் பிள்ளை படும்பாடு என்று சொன்னா. சரி, நடுவில் வைத்தோம்.

இப்ப உண்மையைச் சொல்கிறேன். எட்டு வருடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் மகளைக் கூப்பிடவில்லை. நானும்தான். பள்ளிக்கூடத்தில், மருந்துச் சீட்டில், நூலக அட்டையில் அது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. நடுவில் 'எம்', பக்கத்தில் ஒரு புள்ளி.

முதலில் கவலையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் மகள் கொப்பியில் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கையில் யோசித்தேன். எங்களுக்கு இனிஷியல் என்றால் அப்பா. இந்தப் பிள்ளைக்கு நடுவில் நிற்கும் இனிஷியல், அவள் கண்டேயிராத பூட்டி. எங்கட ஊரில் ஒரு பெண்பிள்ளையின் பெயரில் இன்னொரு பெண்ணின் எழுத்து நின்று நான் பார்த்ததில்லை. ஆனபடியால் எனக்கு இப்ப அந்தப் புள்ளியிலும் மனத்தாங்கல் இல்லை. 'எம்' என்றால் என்ன என்று கேட்கிற ஆட்களுக்கு அவள் முழுப் பெயரையும் சொல்லுவாள், மூச்சு விடாமல்.

பட்டர்வொர்த்_அக்கா

இங்கே பினாங்கில் அடையாள அட்டையில் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவில் 'ஏ/பி' வந்துவிடும், இன்னாரின் மகள் என்று. அதற்கு முன்னால் என்ன எழுதினாலும் எல்லாம் ஒரே பேர்தான். என் மகளுக்கு ரெண்டு சொல். ரெண்டாவது என் மாமியார் பேர்.

பேச்சி என்ற பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்த வீட்டில் தாயையும் சேயையும் காக்கிற சாமி அது. இங்கே பெரியாச்சி என்று கும்பிடுகிறோம், முப்பது நாள் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படையல் போடுவோம். மதுரையில் வைகைக் கரையில் பேச்சியம்மன் படித்துறையே இருக்கிறதே. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியவில்லை, மா.

பேச்சி_தான்_நான்

பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். இந்த இழைக்காகக் கணக்குத் திறந்தேன்.

என் பேர் பேச்சியம்மாள். வயது 34. அப்பத்தா பேர். ஆறாவது வரை "பேச்சுப் போட்டிக்குப் பேச்சியை அனுப்புங்க" என்ற ஒரே நகைச்சுவையை எத்தனை வாத்தியார்கள் சொன்னார்கள் என்று எண்ணி முடியாது. கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு யாரோ பேர் கேட்க, பிரியா என்று சொல்லிவிட்டேன். நாலு வருடம் பிரியாவாக இருந்தேன். சான்றிதழில் பேச்சியம்மாள், விடுதியில் பிரியா. அப்பத்தா ஒருமுறை விடுதிக்கு வந்து "பேச்சி இருக்காளா" என்று வாசலில் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். கொண்டு வந்த அதிரசம் ஊருக்கே திரும்பிப் போனது.

அதற்கப்புறம் பிரியா இல்லை. வேலையில் எல்லாரும் பேச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மேலூர் அண்ணனுக்குச் சொல்கிறேன், முன்னால் வைத்தால்தான் மரியாதை என்பது தாங்குகிறவருக்குத் தெரியாத கதை. எனக்கு முன்னால் வைத்தார்கள், நான் ஒளித்தேன். எனக்கும் ரெண்டு பேர் கொடுத்திருந்தால் ஒளிக்காமல் இருந்திருப்பேனோ என்னவோ.

இன்னொன்று. இவ்வளவு பேர் பேசுகிறோம். உங்கள் அத்தையிடம் நேரே கேட்டீர்களா? எங்கள் அப்பத்தாவுக்குத் தன் பேர் சுத்தமாகப் பிடிக்காது. எனக்கு வைத்ததே தாத்தா.

காயல்_காக்கா

எங்கள் ஊர்ப் பையன்களில் பலருக்கு முதல் சொல் முஹம்மது, பாட்டனார் பேர் ரெண்டாவது. ஆஸ்பத்திரியில் முஹம்மது என்று டோக்கன் கூப்பிட்டால் அஞ்சு பேர் எழுந்திருப்போம். ஆனால் வீட்டில், தெருவில், நிக்காஹ் பத்திரிகையில் ஓடுவது ரெண்டாவதுதான். ஆக ரெண்டாவதாக வைத்தால் மூலையில் போட்டதாக ஆகிவிடும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாய் எதைக் கூப்பிடுகிறதோ அதுதானே பேர்.

இயற்பியல்_வாத்தியார்

பாடத்தில் சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். சர் சி.வி.ராமனின் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன். ராமனின் அண்ணன் சுப்பிரமணியன் தன் மூத்த மகனுக்கு அந்தத் தாத்தா பேரையே வைத்தார். அவர்தான் வானியற்பியல் அறிஞர் எஸ்.சந்திரசேகர். சித்தப்பாவுக்கு 1930இல் நோபல், அண்ணன் மகனுக்கு 1983இல். சித்தப்பாவுக்கு ஓர் எழுத்தாக நின்ற பேர், அண்ணன் மகனுக்கு முழுப் பேர்.

சி.வி.ராமனில் 'வி'யும் வேடிக்கைதான். வெங்கடராமன் என்ற ஒரே பேர் ரெண்டாகப் பிளந்து, வெங்கட நடுப்பேர் போல நிற்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்த நடுப்பேர் இல்லை.

மேலூர்_மைனர்

வாத்தியாரே, எனக்கு ஆதரவா எதிர்ப்பா?

இயற்பியல்_வாத்தியார்

தெரியவில்லை. தாத்தா பேர் வந்ததும் எழுதத் தோன்றியது.

வைகைக்கரைக்காரி

எல்லாருக்கும் நன்றி. பேச்சி அக்கா, உங்கள் அதிரசத்தைப் படித்துவிட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட்டேன். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அத்தையோடு நான் தனியாகப் பேசிய முதல் நீளமான போன் அதுவாகத்தான் இருக்கும்.

கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "எம் பேர வச்சுட்டு நீ அவள எப்படி அதட்டுவ?" என்றார். ரெண்டு பேரும் சிரித்தோம். ஆச்சி வீட்டுப் பேத்தி எழுதியதைப் படித்துக் காட்டினேன், அதற்கு இன்னும் சிரித்தார்.

முன்னால் வேண்டாம் என்றார். "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு என்னைய பேச்சுன்னு கூப்புட்டு வாயைப் பொத்தச் சொல்லுவாரு. அந்தப் பிள்ளைக்கு எதுக்கு அது. பின்னாடி இருந்தாப் போதும்." வாத்தியார்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

அம்மாச்சி பேரையும் சேர்க்க ஆசை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வளர்த்தவள் பேரைக் காதில் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் அம்மாவே வந்து சொல்லட்டும் என்றார். எங்கள் பக்கம் பேர் வைக்கும்போது குழந்தை காதில் மூணு தடவை சொல்வோம், வழக்கமாக அது குழந்தையின் அத்தை, அதாவது என் நாத்தனார் உரிமை. அதை அம்மா வீட்டுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று மாமியார் தானாகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். என் நாத்தனாருக்கு இன்னும் தெரியாது. அது அடுத்த இழை.

ஆச்சி_வீட்டுப்_பேத்தி

நாத்தனாருக்கு ஒரு பட்டுப்புடவை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பருத்தித்துறைப்_பெடியன்

ஸ்பெல்லிங்கை இப்பவே முடிவு செய்யுங்கோ. எங்கட அம்மம்மாவின் பெயரை நான் ஒரு விதமாக எழுத, மனைவி வேறு விதமாக எழுத, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று.

தபால்காரன்

ஆமாம். அத்தை பேர் கணவரின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் அம்மா பேராக அச்சாகியிருக்கும். அதே எழுத்தைப் போட்டுவிடுங்கள். குறைந்தது வீட்டுக்குள் ஒரு பேர் ஒரே மாதிரி இருக்கும்.

வைகைக்கரைக்காரி

மூணு மாதம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும். பாப்பா பிறந்து பத்து வாரம் ஆகிறது. நல்லபடியாக இருக்கிறோம். நட்சத்திரம் அஸ்தம். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அதற்குக் கொடுத்த எழுத்துகளில் 'ண' ஒன்று. அதில் தொடங்கும் பேர் தெரிந்தால் எண்ணும் எழுத்தும் ஐயா சொல்லட்டும்.

அம்மா வந்திருந்தார். காதில் வெள்ளையம்மாள் என்று மூணு தடவை சொல்ல வேண்டும், ரெண்டாவது தடவையிலேயே அழுதுவிட்டார். மூணாவதை நான் சொன்னேன். இப்போது வீட்டில் யாரும் யாழினி என்று கூப்பிடுவதில்லை. வெள்ளச்சி, வெள்ளக்குட்டி, என் தம்பி வீடியோ காலில் வெறும் வெள்ளை. பிள்ளை என் அம்மாச்சி நிறம்.

பதிவு அலுவலகத்துக்கு முப்பதாம் நாள் போனோம். ஒரு பெரியம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பேர் சொல்லுங்கள் என்றார். யாழினி என்றேன், எழுதினார். அடுத்தது? கணவர் குழந்தையை வைத்துக்கொண்டு நாப்பியை நோண்டிக்கொண்டிருந்தார், என்னையே சொல்லச் சொன்னார்.

எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடமாக அத்தை, அவ்வளவுதான். மளிகைச் சீட்டில்கூட அவர் பேரை எழுதியது கிடையாது. மூணாம் மனிதர் எதிரில், அதுவும் சத்தமாக. அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். பேச்சியம்மாள் என்றேன். எப்படி எழுதுவது என்று கேட்டார். பி, இ, டி, சி, எச் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

எழுதிவிட்டு, சரிதானா என்று வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பெட்ச்சியாமல் என்றார். இல்லை என்று இன்னொரு தடவை சொன்னேன்.